ஆயுத பூஜையன்று நான் அழித்த டிஸ்க்

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போடுவது அரை மணி நேர வேலை என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. நாமக்கல்லில் இருபத்தெட்டு வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துவிட்டு இப்போது ராசிபுரத்தில் வீட்டோடு இருக்கிறேன். மனைவிக்குத் தொந்தரவு கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால்தான் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். எந்த ஸ்க்ரூ, எந்தக் கேபிள், எதை வைத்துக் காப்பி எடுப்பது என்பதையெல்லாம் வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். அந்த வேலையை எந்த நாளில், யாருடைய அவசரத்துக்கு நடுவில் செய்கிறோம் என்பது வீடியோவில் வராது. அதை நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன அவமானம். எஸ்.எஸ்.டி. நம் பக்கம் பரவத் தொடங்கிய புதிதில், சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்கு மாற்றிக் கொடுத்தேன். கழற்றிய பழைய டிஸ்க்கை மறுநாளே அழித்து வேறொரு இடத்தில் மாட்டிவிட்டேன். பத்து நாள் கழித்து ஆபீஸ்காரர் போன் செய்தார். மகளின் நிச்சயதார்த்தப் படங்கள் ஒரு ஃபோல்டரில் இருந்தனவாம், காணவில்லை. நான் அதை எடுக்கத் தவறியிருந்தேன். "பரவால்ல உடுங்க, கல்யாணத்துக்கு நல்லா எடுத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். அவர் திட்டாததால் அன்றே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கழற்றிய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, வாடிக்கையாளரின் அலமாரியிலேயே ஒரு மாதம் வைக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது. என்னோடு வேலை பார்த்தவர்கள் காதில் ரத்தம் வரும் அளவுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சட்டத்தை முதலில் மீறியதும் நான்தான். கதை அங்கேதான் தொடங்குகிறது.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. சொந்தத் தீவன மில் வைத்திருந்தார்கள். மக்காச்சோளம், சோயா, கிளிஞ்சல், மருந்து மாவு எல்லாம் தனித்தனித் தொட்டிகளில் இருக்கும். எந்தத் தொட்டியிலிருந்து எத்தனை கிலோ இறங்க வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்ளும். தொட்டியின் கதவைத் திறப்பதும் மூடுவதும் அதுவே. அதன் முன்னால் உட்காருபவர் ஜோதிமணி. முப்பத்தைந்து வயதிருக்கும். முட்டை அடுக்கும் வேலைக்கு வந்தவர், பார்த்துப் பார்த்துப் பழகி இந்த நாற்காலிக்கு வந்திருந்தார். பண்ணை மேனேஜர் முதலாளியின் மச்சினர். ஒரு பெண் மில்லை ஓட்டுவது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஜோதிமணியை அவர் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. எப்போதும் "அந்தப் பொண்ணு"தான்.

கம்ப்யூட்டர் மகா மந்தம். "ஆன் பண்ணிப்போட்டு இட்டிலி தின்னுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதானுங்க இருக்குது" என்று ஜோதிமணி மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி, புது டிஸ்க் போட முதலாளியைச் சம்மதிக்க வைத்திருந்தார். மேனேஜர் வேண்டாம் என்றாராம். ஓடுகிற மாட்டை எதற்கு நிறுத்திப் பல்லைப் பார்க்கிறீர்கள் என்பது அவர் வாதம்.

மில்லை நிறுத்துகிற ஒரே நாள் ஆயுத பூஜை. கோழிக்குப் பண்டிகை தெரியாது. அதனால் மறுநாள் காலை வரைக்குமான தீவனத்தை முந்தின நாளே அரைத்து வைத்துவிடுவார்கள். "பூசை அன்னிக்கே வந்து மாத்திக் குடுத்துருங்க. பத்தரைக்குள்ள முடிச்சுருங்க, நல்ல நேரம் போயிரும்" என்றார் முதலாளி. சாமி முன்னால் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சில இடங்களில் மதியமே ரகசியமாக எடுத்து ஓட்டுவார்கள். இந்த முதலாளி அப்படியில்லை. பொட்டு வைத்த ஸ்பேனரைத் தொட்டதற்காக ஃபிட்டரை வெளியே நிற்க வைத்தவர்.

காலை ஏழரைக்கே போய்விட்டேன். பழைய டிஸ்க்கில் இருந்ததை முழுக்கப் புதிதில் காப்பி எடுத்து முடிக்கும்போது பத்து மணி தாண்டிவிட்டது. புது டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தேன். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்து நின்றது. முதலாளி "அட!" என்றார். வேண்டாம் என்று சொன்ன மேனேஜரே கை தட்டினார். எனக்குத் தலைக்குள் காற்று ஏறிவிட்டது.

ஜோதிமணி மட்டும் கை தட்டவில்லை. "சார், தீவன சாஃப்ட்வேரையும் ஒருக்காத் தொறந்து பார்த்துரலாமுங்களா?" என்றார்.

"எல்லாம் அப்படியே வந்துருக்கும்மா. ஊட்டுச் சாமானைப் பூராப் புது ஊட்டுக்கு மாத்தியாச்சு. ஒரு கரண்டிகூட உட்டுட்டு வரல" என்றேன். அந்தச் சாஃப்ட்வேர் திறக்க மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வெளியே மேனேஜர் கற்பூரத்தோடு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டர் கேபினெட்டை மூடினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பாதிதான் கெட்டிருக்கும். முதலாளி என் கையிலிருந்த பழைய டிஸ்க்கைப் பார்த்தார். "இதைக் கேமராப் பெட்டியில போட்டுருங்க சாமி. அதுல இருக்கறது ஒரு வாரமாக் கீ கீன்னு கத்துது. ரெண்டுக்கும் ஒண்ணாப் பொட்டு வெச்சுரலாம்."

என் சட்டம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வந்தது. ஆனால் அவர் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. என்னை இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று நினைக்க வைக்க அது ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. பண்ணைக் காவல் கேமராக்களின் படம் பதிவாகும் அந்தப் பெட்டி ஆபீஸ் அறையில் இருந்தது. அதைத் திறந்து பழைய டிஸ்க்கை மாட்டினேன். இதில் இருப்பதை அழித்துவிடட்டுமா என்று அது கேட்டது. கேட்காமல் எந்தப் பெட்டியும் அழிப்பதில்லை. நான்தான் ஆமாம் என்று அமுக்கினேன். பிறகு இரண்டு பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டார்கள். நான் இரண்டு கை நிறையப் பொரியும் கடலையும் வாங்கித் தின்றுகொண்டே வீடு வந்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்குப் போன் வந்தது. பேசியது மேனேஜர். "ஏனுங்க, மில்லு ஓடலீங்க. உடனே வாங்க."

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பிரமாதமாக ஆன் ஆனது. தீவன சாஃப்ட்வேரைத் தொட்டால் மட்டும், இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை என்று ஒரு கட்டம் வந்து நின்றது. அதன் அடியில் நீளமாக ஒரு நம்பர். அந்த சாஃப்ட்வேரைக் கோயம்புத்தூரில் ஒருவர் தனியாளாக எழுதிக் கொடுத்திருந்தார். அவர் போன் நம்பருக்கு அடித்தால், உபயோகத்தில் இல்லை என்றது.

கோழி விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோழிக்கு ஒரு வேளைத் தீனி தவறினால் அது முட்டையைக் குறைத்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தவறினால் இறகை உதிர்க்கத் தொடங்கிவிடும். பழையபடி முட்டைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பூஜைக்கு முந்தின நாள் அரைத்து வைத்ததில் கடைசி மூட்டையைக் காலையிலேயே போட்டுவிட்டார்கள். மூன்று மணிக்கு அடுத்த தீனி. கலக்கி ஷெட்டுக்குக் கொண்டுபோக மூன்று மணி நேரம் வேண்டும். ஆக எங்களுக்குப் பன்னிரண்டு மணி வரைதான் நேரம். கையால் கலக்கலாம் என்றால் தொட்டிக் கதவைத் திறப்பதே கம்ப்யூட்டர்தான். மருந்து மாவும் உப்பும் கைக்கணக்கில் போடுகிற சமாச்சாரம் இல்லை, கூடினால் கோழி செத்துவிடும். முதலாளி பக்கத்துப் பண்ணைகளுக்குப் போன் போட்டுப் பார்த்தார். அவர்களும் பூஜை முடித்து அன்றுதான் மில்லைத் திறந்திருந்தார்கள். அவரவர் கோழிக்கே பத்தாத நிலை.

மேசை டிராயரில் அந்த சாஃப்ட்வேரின் சி.டி. கிடந்தது. அதைப் போட்டு மறுபடி ஏற்றிவிடலாம் என்று என் கை அரித்தது. பதற்றத்தில் இருக்கும்போது எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போலிருக்கும். சும்மா நிற்பது அசிங்கமாகத் தெரியும். நான் என் கையை நானே பிடித்துக்கொண்டேன். மறுபடி ஏற்றினால் உள்ளே இருக்கும் தீவனக் கலவைக் கணக்கும் சேர்ந்து அழிந்துபோகலாம். முதலில் அந்தக் கலவைக் கணக்கு இருந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்தேன். அது முழுசாக இருந்தது. அன்று காலையில் நான் செய்த முதல் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

அப்போதுதான் மேனேஜர் முதலாளியிடம் சொன்னார். "நேத்து இவரு போட்டுக் குடுத்தப்ப நல்லாத்தானே வந்துச்சு? நாமதான் பார்த்தோமே. காத்தால ஆன் பண்றப்ப அந்தப் பொண்ணு எதையாச்சும் அமுக்கிருக்கும். அப்பவே சொன்னேன், இதெல்லாம் தெரிஞ்ச ஆளு உக்காரோணும்னு." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னங்க, அப்படித்தானே இருக்கும்?"

முதலாளியும் என்னைப் பார்த்தார். ஜோதிமணி கதவோரம் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலி அன்றைக்கே அவரிடமிருந்து போய்விடலாம் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இனி நான் சொல்வதை வெட்கத்தோடு சொல்கிறேன். நான் உடனே பதில் சொல்லவில்லை. பத்து எண்ணும் நேரம் இருக்கும், சும்மா இருந்தேன். "இருக்கலாமுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபது வருட வாடிக்கை தப்பிக்கும், பெயர் தப்பிக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. யாரும் என்னைச் சந்தேகப்படவும் இல்லை. நம் தொழிலில் இந்த வசதி எப்போதும் உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர் எதையோ அமுக்கிவிட்டார் என்று சொன்னால் ஊர் நம்பும். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

"இல்லீங்க" என்றேன். "தப்பு என்னுதுங்க. நேத்தே தொறந்து பார்க்கலாம்னு இந்தம்மா கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். பழைய டிஸ்க்கைப் பத்திரமா வெச்சிருந்தா அஞ்சே நிமிசத்துல திருப்பி மாட்டிருக்கலாம். அதையும் கேமராப் பெட்டியில போட்டு நானே அழிச்சுப்போட்டேன்."

மேனேஜர் வாயைத் திறந்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். என்னைத் திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "மூணு மணிக்குக் கோழிக்குத் தீனி வேணுமுங்க. மத்ததைப் பொறவு பேசிக்கலாம். அதுக்கு வழியச் சொல்லுங்க" என்றார். என்னிடம் வழி இல்லை. இல்லை என்பதையும் சொன்னேன்.

பிறகு ஜோதிமணி முன்னால் வந்து மேசை டிராயரை முழுசாக வெளியே இழுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் நாற்காலியில் கொட்டிவிட்டுக் கவிழ்த்தார். அடிப்பலகையில் மார்க்கர் பேனாவால் நீளமாக ஒரு நம்பர் எழுதியிருந்தது.

"இந்த சாஃப்ட்வேரை ஏத்துனப்ப அவரு கோயமுத்தூர்ல இருந்தே போன்ல சொன்னாருங்க. திரையில ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லு, அதுக்குத் தகுந்த சாவி தாரேன்னாரு. ரெண்டு தரம் தப்பாப் படிச்சுத் திட்டு வாங்குனேன். அப்புறம் அழியாம இருக்கட்டும்னு இந்த டிராயர் அடியில எழுதி வெச்சுப் படிச்சேன். இப்பத் திரையில வார நம்பர் இது இல்லீங்களே சார். பூராவும் மாறிப்போச்சு."

நான் திரையைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன். எதையோ தொட்டுவிட்டோம் என்று உள்ளே ஒரு பொறி தட்டியது. கேபினெட்டைத் திறந்து, காய்ந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு, புது எஸ்.எஸ்.டி.யின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். திரையில் இருந்த நம்பர் எழுத்துக்கு எழுத்து அதேதான். அப்படியானால் பலகையில் இருப்பது எதனுடையது? ஆபீஸ் அறைக்கு ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் ஓடினேன் என்று சொல்வதில் எனக்குப் பெருமைதான். கேமராப் பெட்டியிலிருந்து பழைய டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்து ஜோதிமணியிடம் நீட்டினேன். அவர் சீட்டில் இருந்ததைப் படிக்கப் படிக்க நான் பலகையில் விரல் வைத்துக்கொண்டே போனேன். கடைசி எழுத்து வரை ஒத்துப்போனது.

"அதான் அழிஞ்சு போச்சுன்னீங்களே?" என்றார் முதலாளி.

"உள்ள இருந்தது அழிஞ்சுதுங்க. அதெல்லாம் புதுசுலயும் இருக்குது. இந்த சாஃப்ட்வேர் உள்ள இருக்கறதைக் கேக்கலீங்க. இந்த நம்பர் போட்ட டிஸ்க்கு கூட இருக்குதான்னு மட்டுந்தான் கேக்குது."

சொன்னேனே தவிர, உறுதியாகத் தெரியாது. டிஸ்க் மாட்டும் வாய்களில் காலியாக இருந்த ஒன்றில் பழைய டிஸ்க்கைச் செருகி ஆன் செய்தேன். அதே கட்டம், அனுமதி இல்லை. மணி பதினொன்றேகால். மேனேஜர் உச்சுக் கொட்டினார். அங்கேயே கைவிட்டிருப்பேன். ஆனால் திரையில் வந்த நம்பர் இன்னும் புது டிஸ்க்கினுடையதாகவே இருப்பதை ஜோதிமணி காட்டினார். "இது முதல்ல புதுசைத்தானுங்க பார்க்குது" என்றார். அவருக்குக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்த பழக்கம் கிடையாது. கண் இருந்தது, அவ்வளவுதான். பழையதை முதல் வாய்க்கும் புதியதை இரண்டாவது வாய்க்கும் மாற்றினேன். கம்ப்யூட்டர் புதியதிலிருந்தே ஓடும்படி வைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தேன்.

"நீங்களே தொறங்கம்மா" என்றேன்.

அவர் திறந்தார். தொட்டிகளின் படம் வரிசையாக வந்தது. மக்காச்சோளம், சோயா, கிளிஞ்சல். முந்தாநாள் ஓட்டிய கலவை அப்படியே இருந்தது. யாரும் கை தட்டவில்லை. ஜோதிமணி நாற்காலியில் கிடந்த சாமான்களைத் தரையில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அவர் ஒரு பொத்தானை அமுக்க, வெளியே முதல் தொட்டியிலிருந்து சோளம் கொட்டுகிற சத்தம் கேட்டது. முதலாளி சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் டிஸ்க்கைப் பார்த்தே கும்பிட்டேன்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தீவன வண்டி முதல் ஷெட்டுக்குள் போனது. நான் அதுவரை அங்கேயேதான் இருந்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றக் கூடாது என்று கேபினெட்டின் மேல் பெரிதாக எழுதி ஒட்டினேன். தீவனக் கலவைக் கணக்கு முழுவதையும் அச்செடுத்து ஜோதிமணியிடம் கொடுத்தேன். பிறகு என் கையில் இருந்த இன்னொரு டிஸ்க்கைக் கேமராப் பெட்டியில் மாட்டிக் கொடுத்தேன். மேனேஜர் என்னோடு பேசவில்லை. ஆனால் டீ வாங்கி வந்தபோது, "ஜோதிக்கும் ஒண்ணு குடுங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டேன்.

கிளம்பும்போது ஜோதிமணி கேட் வரை வந்தார். எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நான் வந்ததிலிருந்து திரையில் நம்பர் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் அதையேதான் பார்த்துக்கொண்டும் நின்றார். "நம்பர் மாறுனது உங்களுக்கு எப்பம்மா தெரியும்?" என்றேன்.

"காத்தாலயேதானுங்க."

"அப்பவே சொல்லிருக்கலாமே?"

"நேத்து ஒண்ணு சொன்னேன், நீங்க கேக்கலீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "அதுக்கு மேல, மேனேஜரு கேட்டதுக்கு என்ன சொல்றீங்கன்னு பார்த்துட்டு நின்னேன்."

"நான் பழியை உங்க மேல போட்டிருந்தா சொல்லிருக்கவே மாட்டீங்களா?"

"சொல்லிருப்பேனுங்க. கோழி என்ன பண்ணுச்சு, பாவம். ஆனா அதுக்கப்புறம் இந்தக் கம்ப்யூட்டர்கிட்ட உங்களை உட்டிருக்க மாட்டேன்" என்றார்.

நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பண்ணைக் கம்ப்யூட்டரை நான்தான் பார்த்தேன்.